சாகசியருக்கு இடமில்லை

குவீன்ஸ்டவுன், நியூசிலாந்து
ஐப்பசி (உங்களுக்கு அடைமழை, எங்களுக்கு வசந்தம்)

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் முழங்கால் நலமறிய ஆவல். ஏரி நிரம்பிக் கலங்கல் போகிற வீடியோவை மச்சான் அனுப்பியிருந்தான். இங்கே என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வாகாட்டிப்பு என்று எண்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஏரி கிடக்கிறது. ஆனாலும் அந்த வீடியோவைத்தான் நாலு தடவை பார்த்தேன்.

உங்கள் குரல்பதிவும் கேட்டேன். ஏழு நிமிஷம். ஆறு நிமிஷம் விசா வந்த கதை, அரை நிமிஷம் பக்கத்து வீட்டுச் சேவல். மிச்சம் அரை நிமிஷத்தில்தான் விஷயம்: "தை மாசம் வர்றோம். உன் மச்சான் பாலத்துல இருந்து குதிக்கணும்கறான், பிளேன்ல இருந்தும் குதிக்கணும்கறான். டிராவல் இன்சூரன்ஸ் எதை எடுக்கறது? இருக்கறதுலயே சல்லிசா ஒண்ணு பாத்து வெச்சிருக்கான்."

முப்பது வருஷம் டி.வி.எஸ். 50-இல் சாலவாக்கத்துக்கும் மானாம்பதிக்குமாக அலைந்து எல்.ஐ.சி. பாலிசி போட்டவர் நீங்கள். நீங்கள் என்னிடம் கேட்பது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமா, நீங்கள் விற்றது ஆள் போனால் பணம் தரும் சரக்கு. இதில் ஆள் போக மாட்டான். கால் ஒடிந்து கட்டிலில் கிடப்பான், பக்கத்தில் ஒருவர் டாலரில் பில்லை நீட்டிக்கொண்டு நிற்பார். கணக்கே வேறு.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஜனங்கள் காசு கொடுத்து விழுகிறார்கள். மலையிலிருந்து, பாலத்திலிருந்து, விமானத்திலிருந்து. விழுந்து எழுந்தவர்கள் ராத்திரி எங்கள் ஓட்டலுக்கு வந்து ஆட்டுத்தொடை சாப்பிடுகிறார்கள். என் சம்பளம் இந்த விழுகையில்தான் வருகிறது.

ஊருக்கு வெளியே கவாராவ் ஆற்றின் மேல் 1880-இல் கட்டிய பாலம் ஒன்று இருக்கிறது. வனுவாட்டு நாட்டில் பெந்தகோஸ்து தீவுக்காரர்கள் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து குதிப்பார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து கிளைத்ததுதான் பங்கி என்கிற இந்தக் கயிற்றுக் குதிப்பு. ஏ.ஜே. ஹாக்கெட் என்கிற நியூசிலாந்துக்காரர் 1987-இல் பாரிஸ் ஈஃபில் கோபுரத்திலிருந்து ரப்பர் கயிற்றில் குதித்து, இறங்கிய கையோடு போலீசில் மாட்டினார். மறு வருஷமே இன்னொருவரோடு சேர்ந்து இந்தப் பாலத்தில் கடை போட்டுவிட்டார். உயரம் 43 மீட்டர்.

லீவு நாளில் போய் வேடிக்கை பார்த்தேன். முதலில் எடை பார்க்கிறார்கள். பார்த்த எடையை, சந்தையில் மூட்டை மேல் மை போடுகிற மாதிரி, குதிக்கிறவன் கையிலேயே பேனாவால் எழுதிவிடுகிறார்கள். கணுக்காலில் ஒரு துவாலையைச் சுற்றி, அதன் மேல் பட்டையை இறுக்கி, கயிற்றை மாட்டுகிறார்கள். இரண்டு காலும் கட்டுண்டவன் பலகையின் ஓரத்துக்கு இஞ்ச் இஞ்சாக நகர்வான் பாருங்கள், பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைகூட அப்படி நடக்க மாட்டான். குதித்து, எகிறி, மறுபடி எகிறி, கடைசியில் தலைகீழாகத் தொங்குகிறான். கீழே ரப்பர் படகில் இரண்டு பேர் தொரட்டி மாதிரி ஒரு கழியை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு படகில் சரிகிறான். மாங்காய் பறிக்கிற அதே லாகவம்.

எனக்கு உங்கள் பம்புசெட்டுக் கிணறுதான் ஞாபகம் வந்தது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் தாம்புக்கயிறு, பின்னாலிருந்து உங்கள் கை. அதற்கு எந்தப் பாரத்தில் கையெழுத்து வாங்கினீர்கள்? "உங்க அம்மா கிட்ட சொல்லாதே" என்பது ஒன்றுதான் கண்டிஷன்.

சரி, இங்கே விழுந்து அடிபட்டால் யார் செலவு? கேட்டால் நம்ப மாட்டீர்கள். அரசாங்கம். ஏ.சி.சி. என்று ஒரு ஏற்பாடு 1974 ஏப்ரல் முதல் நடக்கிறது. உட்ஹவுஸ் என்கிற நீதிபதி 1967-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது. விபத்தில் காயம் என்றால், தப்பு யார் பேரில் என்று கேட்காமல் வைத்தியச் செலவில் பெரும்பங்கை அதுவே ஏற்கும். சுற்றிப் பார்க்க வந்தவனுக்கும் உண்டு. பதிலுக்கு, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு யார் மேலும் வழக்குப் போட முடியாது. இதற்காக என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். ஆக, மச்சான் குதித்தால் அதில் ஒரு துளி என் செலவு.

உடனே "அப்போ இன்சூரன்சே வேணாமே" என்பீர்கள். இருங்கள். ஏ.சி.சி. விபத்துக்குத்தான். வந்த இடத்தில் நெஞ்சு வலித்தால், குடல்வால் வீங்கினால், நிமோனியா வந்தால் அது விபத்தில்லை, முழுப் பில்லும் உங்களுடையது. காலில் மாவுக்கட்டோடு மூன்று சீட்டை மடக்கிப் படுத்து, கூட ஒரு நர்சோடு சென்னைக்குப் பறக்க வேண்டுமென்றால் அந்தச் செலவை ஏ.சி.சி. தராது. ஊருக்குப் போன பிறகு பிசியோதெரபிக்கும் தராது. தவறவிட்ட விமானம், வீணான ஓட்டல் முன்பணம், காணாமல் போன பெட்டி எதற்கும் கிடையாது. அந்தக் கடைசிச் செலவும் ஒன்று இருக்கிறது, பெட்டியில் ஊருக்கு அனுப்புவது. அத்தைக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிட்டுப் படியுங்கள்.

மச்சான் பார்த்து வைத்த சல்லிசுப் பாலிசியை டூட்டி முடிந்து ராத்திரி பதினோரு மணிக்குப் படித்தேன். முதல் பக்கத்தில் பாராசூட்டில் சிரித்தபடி ஒரு பையன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் பாராசூட் கிடையாது என்று போட்டிருக்கிறது. பங்கி கிடையாது. மலையேற்றத்துக்குக் கயிறு எடுத்தால் கிடையாது. "மற்றும் இவை போன்ற ஆபத்தான செயல்கள்" கிடையாது. இவை போன்ற என்றால் எவை என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள், அதுவும் நாம் விழுந்த பிறகு.

படிக்கப் படிக்க எங்கேயோ பார்த்த நடையாக இருந்தது. யோசித்தால், நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்! ஆறாவது படிக்கும்போது வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்தி விளக்கிய அதே குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்க யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம் என்பது நாலைந்து வரிதான்: வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, படிப்பு, வயது. அதற்கப்புறம் யாரெல்லாம் ஆகாது என்று ஒரு பட்டியல் போகிறது பாருங்கள்! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது, அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன், மைத்துனன், மாமனார் யாரும் ஆகாது. அடுத்தவன் பொருளை எடுத்தவன் ஆகாது. கள்ளக் கையெழுத்துப் போட்டவன் ஆகாது. கழுதை ஏறியவன் ஆகாது.

இந்தப் பட்டியலில் "சாகசியர்" என்றும் ஒரு சொல் உண்டு. முன்பின் பாராமல் துணிகிறவன், முரட்டுத் துணிச்சல்காரன். அவனும் ஆகாது! இன்சூரன்ஸ் கம்பெனி இன்று சொல்வதை நம் ஊர்ச் சபை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் சொல்லிவிட்டது. ஒரே வித்தியாசம், சபை அதை ஊர் நடுவில் சுவரில் வெட்டி வைத்தது. கம்பெனி அதையே எறும்பு எழுத்தில் முப்பத்தெட்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறது. அதனால் மச்சானுக்கு என் வேண்டுகோள்: பாலிசியைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்லுங்கள். "ஆகாதவை" பகுதியைப் படித்துவிட்டு அப்புறம் விலையைப் பார்க்கட்டும்.

எனக்கு இந்தப் புத்தி சும்மா வரவில்லை. போன வருஷம் ரூமில் இருக்கும் பையன்களோடு பாலி தீவுக்குப் போனேன். இங்கிருந்தே இன்சூரன்ஸ், கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே வாடகைக்கு ஒரு ஸ்கூட்டர். வளைவில் மணல். முழங்கையில் எட்டுத் தையல், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பில்லை அனுப்பினால் லைசென்ஸ் நகலைக் கேட்டார்கள். நியூசிலாந்தில் காருக்கு முதலாம் வகுப்பு, மோட்டார் சைக்கிளுக்கு ஆறாம் வகுப்பு. என்னிடம் இருப்பது முதலாம் வகுப்பு. பதினாலு வயதில் உங்கள் டி.வி.எஸ். 50-ஐத் திருட்டுத்தனமாக ஓட்டிய அனுபவத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. கேட்டரிங் டிப்ளமோ முடித்தவனை ஆறாம் வகுப்பு பாஸ் ஆகவில்லை என்று சொல்லி ஒரு காசு தராமல் அனுப்பிவிட்டார்கள். கோபம்தான். ஆனால் எடுத்துப் பார்த்தால் பாலிசியில் எழுதித்தான் இருந்தது.

எனவே மச்சான் சாகச விளையாட்டுக்கான கூடுதல் கவரோடு எடுக்கட்டும். அதிலும் பங்கி, ஸ்கை டைவ் என்று பெயர் போட்டு இருக்க வேண்டும். பொதுவாக "அட்வென்ச்சர்" என்று இருந்தால் நம்ப வேண்டாம். பயிற்சியாளர் முதுகில் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டமுக்குக் கொடுத்து, தனியாகக் குதிப்பதற்கு மறுக்கிறவர்கள் உண்டு. முத்துக் குளிக்கிற மாதிரி ஆழத்தில் இறங்கினால் இத்தனை மீட்டர் வரை, மலை ஏறினால் இத்தனை மீட்டர் வரை என்று எல்லை போடுகிறவர்களும் உண்டு. முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்றும் பார்க்கட்டும். விலை மலிந்த இடத்தில் அது ஏறியிருக்கும். பாலிசி ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். இங்கே வந்து இறங்கிவிட்டு "இப்ப எடுத்துக்கறேன்" என்பது, மாடு ஓடின பிறகு பட்டிக்குப் படல் கட்டுவது. குதிப்பதற்கு முன்னால் பீர் கூடவே கூடாது. குடித்திருந்தான் என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னால் கட்டிய பிரீமியம் கோவிந்தா.

குதிக்கிற இடமும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே 2011-இல் வந்த விதிப்படி, பங்கி போன்ற சாகசத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தணிக்கையும் பதிவும் கட்டாயம். ஒர்க்சேஃப் என்கிற அரசு அமைப்பின் பட்டியலை யாரும் பார்க்கலாம். அப்படியும் 2019 டிசம்பரில் வாகாரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கே இருந்த 47 பேரில் 22 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பலர் கப்பலில் உல்லாசப் பயணம் வந்தவர்கள். அந்தச் செய்தி வந்த வாரம் நான் எங்கள் சமையலறையில் விளையாட்டுப் பேச்சே கேட்கவில்லை.

அத்தைக்கு ஜெட் படகு வைத்திருக்கிறேன். இந்த நாட்டுக்காரர் ஹாமில்டன் உருவாக்கியது. நாலு விரல்கடைத் தண்ணீரில் பறக்கும். நம் பாலாற்றுக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன், அந்த நாலு விரல்கடைக்கு எங்கே போவது? அதுவும் சாகசப் பட்டியலில் வருகிறதா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் விஷயம். "நானும் ஒரு கை பாக்கறேன்" என்று பதிவின் கடைசியில் முணுமுணுத்தது சேவல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. 919-ஆம் வருஷத்துக் கல்வெட்டில் வயது எல்லை அறுபது. இரண்டே வருஷத்தில் அதை எழுபதாக ஏற்றிவிட்டார்கள், உங்களைப் போல யாரோ சண்டை போட்டிருக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களில் பலரும் எழுபதில்தான் கோடு கிழிக்கிறார்கள். அதைத் தாண்டினால் பிரீமியம் ஏறும், தரும் தொகை இறங்கும், சில கவர் கிடையவே கிடையாது. உங்களுக்குச் சித்திரையில் எழுபத்தொன்று. பாலத்தின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அதற்குக் காசில்லை.

மறக்காமல் பதில் போடுங்கள். குரல்பதிவு என்றால் சேவலை அடைத்துவிட்டு.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: விண்ணப்பத்தில் "ஏற்கெனவே உள்ள நோய்கள்" என்று ஒரு கட்டம் வரும். அதை மறைத்தது தெரிந்தால் மொத்தப் பாலிசியும் செல்லாது, கணக்குக் காட்டாத வாரியக்காரன் கதிதான். அந்தக் கட்டத்தை மட்டும் அத்தை நிரப்பட்டும். நீங்கள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எந்தக் கடைக்கு ஜிலேபி வாங்கப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.