ரெண்டாவது ஓட்டுக்கு என்ன ரேட்டுங்க?

2021 மே 2, சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. பகலெல்லாம் முன்னணியில் இருந்த கமல்ஹாசனைக் கடைசிச் சுற்றுகளில் முந்தினார் வானதி சீனிவாசன். கோவை தெற்கில் அவருக்கு 53,209, கமலுக்கு 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமாருக்கு 42,383. நூற்றுக்கு 34 வாங்கியவருக்கு மாலை. மீதி 66 பேர் டவுன்ஹாலிலிருந்து உக்கடம் வரைக்கும் டீக்கடைதோறும் அடித்துக்கொண்டார்கள்: "உங்காளு நின்னதாலதான் ஓட்டுப் பிரிஞ்சுதுங்க!"

மூன்றாவதாக வந்தவருக்குப் போட்ட அந்த 42,383 பேரின் ரெண்டாவது ஆள் யார்? கமலா, வானதியா? தெரியாது. யாரும் கேட்கவில்லை. ஒரு பொத்தான், ஒரு 'பீப்', வீட்டுக்குப் போ.

2024இல் காட்சி மாறியது. கோவை மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 41 சதவீதத்தில் ஜெயித்தார். உடனே பா.ஜ.க.வின் அண்ணாமலை ஓட்டையும் அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரன் ஓட்டையும் கூட்டி, "சேர்ந்திருந்தா நாமதான்" என்று கிளம்பினார்கள் கணக்குப்பிள்ளைகள். இலைக்குக் குத்தினவரெல்லாம் அடுத்து தாமரைக்குத்தான் குத்துவார் என்று யார் எழுதிக் கொடுத்தது? நம் மனசுக்குள் இருப்பதை நம்மைத் தவிர எல்லாரும் சொல்கிறார்கள்.

1, 2, 3 என்று எண் போடவிட்டால் அதை நாமே சொல்லிவிடுவோம். கடைசி ஆளைக் கழித்து, அவர் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, யாராவது பாதியைத் தாண்டும்வரை எண்ணுவார்கள். "ஐயோ, ஜனங்களுக்குப் புரியாதுங்க" என்கிறார்கள். ஏலச்சீட்டில் தள்ளு போக ஆளுக்கு எவ்வளவு என்று வாசப்படியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போடும் அம்மாவுக்கு ஒன்று, ரெண்டு, மூன்று புரியாதாம்!

சொல்கிறவர்கள் யார்? குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் இதேபோல் எண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாண்புமிகுக்கள். 1969இல் வி.வி.கிரி ஜெயித்ததே ரெண்டாம் விருப்ப ஓட்டை எண்ணிய பிறகுதான். அவர்களுக்கு இலை போட்டு முழுச் சாப்பாடு, நமக்கு ஒற்றைப் பொட்டலம். அந்த இலையிலாவது ஒழுங்காகச் சாப்பிட்டார்களா? 2017 குடியரசுத் தலைவர் தேர்தலில் 77 செல்லாத ஓட்டு. அத்தனையும் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போட்டது. புரியாத ஜனங்கள் யாரென்று இப்போது புரிகிறதா?

இந்த முறையிலும் கோணல் உண்டு. இலங்கை அதிபர் தேர்தலில் 2024இல் முதல்முறையாக ரெண்டாம் விருப்பத்தை எண்ணினார்கள். தோற்றவர்களுக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த எண்ணைப் போடவே இல்லை. அநுர குமார ஜெயித்தார், ஆனாலும் மொத்த ஓட்டில் பாதியைத் தொடவில்லை. எல்லாருக்கும் ரெண்டாவதாகப் பிடித்த நல்ல மனுஷன் முதல் சுற்றிலேயே கழன்றுபோவதும் நடக்கும். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்காவில் மும்முனைத் தேர்தலில் நடந்தது: மற்ற இருவருடனும் தனித்தனியாக மோதினால் ஜெயித்திருக்கக்கூடிய பெகிச்தான் முதலில் வெளியேறினார்.

மொடக்குறிச்சியையும் மறக்க முடியுமா? 1996 சட்டமன்றத் தேர்தலில், விவசாயிகளின் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகமானது. அதில் வரிசை போடச் சொல்லியிருந்தால் மஞ்சள் அறுவடை வரைக்கும் எழுதிக்கொண்டிருந்திருப்போம். அரசு குறையைத் தீர்த்ததோ இல்லையோ, ரூ.250 டெபாசிட்டை ரூ.5,000 ஆக்கிவிட்டது. அதே தொகுதி 2021இல் 281 ஓட்டில் முடிவானது, ஜெயித்தவர் பாதியைத் தொடாமலே.

இத்தனை கோணலும் தெரிந்துதான் எண் போடும் உரிமையைக் கேட்கிறேன். எந்தக் கட்சியும் தராது. "அவன் வந்துடுவான், அதனால எனக்குப் போடு" என்ற ஒரே சரக்கு விலைபோகாதே! அதைவிட, வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி கவரோடு வருகிறவனின் பாட்டைப் பாருங்கள். முதல் ஓட்டுக்கு ஒரு ரேட், ரெண்டாவதுக்குப் பாதியா, மூன்றாவதுக்குக் குவார்ட்டர் போதுமா? இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ரெண்டு என்று இருவரிடமும் வாங்கிக்கொண்டு, இருவருக்கும் நேர்மையாகவே எண் போட்டுவிட்டு வருவாரே நம்மாளு!