ஊரையே 'சாகடித்த' கணினி

கே: அமெரிக்காவில் ஜூரிகளைக் கணினிதானே குலுக்கி எடுக்கிறது? அதில் எப்படிப் பாரபட்சம் வரும்?

ப: குலுக்கல் நேர்மையாக இருந்தால் போதாது, பெட்டிக்குள் எல்லார் பெயரும் இருக்க வேண்டும்! கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஃபெடரல் நீதிமன்றத்தின் கணினி, ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊர்ப்பெயரில் ஆங்கிலத்தில் கடைசியாக வரும் 'டி' (d) எழுத்தை 'இறந்தவர்' என்பதற்கான குறியாக எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தவரும் ஸ்பானிய வம்சாவளியினரும் பெருமளவில் வாழும் அந்த ஊரிலிருந்து ஒருவருக்குக்கூட ஜூரி அழைப்பு போகவில்லை. 1992-இல் நீதிமன்றமே அந்த முறை சட்டவிரோதம் என்றது. பெட்டிக்குள் எல்லார் பெயரும் வர, வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமம், வரிப் பட்டியல்களையும் சேர்க்க வேண்டும். வீடு மாறியவர்களின் முகவரியைத் திருத்த வேண்டும். கூலி வேலைக்காரர் நஷ்டப்படாத அளவுக்குப் படி தர வேண்டும். ஊரார் இல்லாத ஜூரியின் தீர்ப்பை ஊர் நம்பாது.