வரம் கேட்கவும் வருடச் சந்தா

ஜூன் நெருங்கினால் போதும், உலகெங்கும் உள்ள ஆப்பிள் டெவலப்பர்களுக்கு வேண்டுதல் சுரம் வந்துவிடும். ஆப்பிள் இவர்களுக்காக நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.டி.சி. மாநாட்டுக்குச் சில வாரம் முன்பே ஆளாளுக்கு ஓர் ஆசைப் பட்டியல் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். வாங்கிப் படித்துப் பாருங்கள். பறக்கும் கம்பளமா கேட்கிறார்கள்? ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோட் பாதியில் தொங்கக் கூடாது. ஆவணத்தில் நாலு வரி விளக்கம் இருக்க வேண்டும். அனுப்பிய புகாரை மனிதப் பிறவி யாராவது படிக்க வேண்டும். காசு கொடுத்த பொருள் வேலை செய்ய வேண்டும் என்பதற்குப் பெயர் ஆசையாம்!

ஆமாம், காசு கொடுத்துத்தான். சந்தா ஆண்டுக்கு 99 டாலர். கட்டத் தவறினால் உங்கள் ஆப் கடையிலிருந்து காணாமல் போகும். 2008இல் ஆப் ஸ்டோர் திறந்த நாள் முதல் விற்பனையில் நூற்றுக்கு 30 கமிஷன். மாநாட்டை நேரில் பார்க்க ஒரு காலத்தில் 1,599 டாலர் டிக்கெட். 2013இல் அது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோக, மறு ஆண்டிலிருந்து குலுக்கல். பணத்தை நீட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் வாசல் திறந்தது. குத்தகை நெல்லை அளந்து கொட்டிவிட்டு, வாய்க்காலைக் கொஞ்சம் தூர்வாரிக் கொடுங்கள் ஐயா என்று பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்ற குத்தகைக்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் இடுப்பில் துண்டு கட்டியிருந்தார். இவர்கள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருக்கிறார்கள்.

புகார் கொடுக்கும் லட்சணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஃபீட்பேக் அசிஸ்டன்ட் என்று ஒன்று இருக்கிறது. எந்த வெர்ஷன், எந்தப் பட்டனை அழுத்தினால் பிழை வருகிறது, எல்லாம் வரிசையாக எழுத வேண்டும். பிழையை மட்டும் காட்டும்படி ஒரு குட்டி ப்ராஜெக்ட் தனியாகச் செய்து இணைக்க வேண்டும். கருவியின் பதிவுகளைத் திரட்டும் சிஸ்டயக்னோஸ் கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி கனக்கும், அதையும் ஏற்ற வேண்டும். அத்தனையும் சம்பளமில்லாத வேலை. பிறகு மௌனம். என்றோ ஒரு நாள் பதில் வரும்: புதிய பீட்டா வந்திருக்கிறது, பிழை இன்னும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அல்லது 'டூப்ளிகேட்' என்று முத்திரை குத்தி மூடுவார்கள். உங்களுக்கு முன்பே யாரோ இதே பிழைக்கு அழுதிருக்கிறார் என்று அர்த்தம். அவர் புகார் என்ன ஆனது? அது உங்கள் கண்ணில் படாது. ராணுவ ரகசியம்.

ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழி 2014இல் வந்தது, திரையை வடிவமைக்கும் ஸ்விஃப்ட்யூஐ 2019இல். நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கோ ஓர் எழுத்து பிசகினால் கம்பைலர் அந்த இடத்தைக் காட்டாமல், 'நியாயமான நேரத்துக்குள் என்னால் இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை, உடைத்து உடைத்து எழுதித் தாருங்கள்' என்று கையை விரிக்கிறது. சரி, ஆவணத்தையாவது பார்ப்போம் என்று திறந்தால் 'விளக்கம் ஏதும் இல்லை' என்ற வாசகம் ஆண்டுக்கணக்கில் வரவேற்றது. சந்தை மதிப்பு மூன்று லட்சம் கோடி டாலரைத் தாண்டிய நிறுவனத்துக்கு ஒரு பத்தி எழுத ஆள் கிடைக்கவில்லை.

அவசரப்படக் கூடாது. 2010இல் ஐபேட் வந்தது, அதற்கென்று ஒரு கால்குலேட்டரை 2024 மாநாட்டில் அறிவித்தார்கள். கூட்டவும் கழிக்கவும் 14 ஆண்டு. 2019 மாநாட்டில் மானிட்டரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு மட்டும் 999 டாலர் என்று அறிவித்தபோது, எதற்கெடுத்தாலும் கைதட்டிப் பழகிய அரங்கமே முணுமுணுத்தது. அந்த விலையைக் கணக்குப் போடக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை போலும்.

கேட்டது கிடைத்தாலும் ஆபத்துதான். வாட்சன் என்ற மென்பொருளுக்கு 2002இல் ஆப்பிளே வடிவமைப்பு விருது கொடுத்தது. அதே ஆண்டு அதே வேலையைச் செய்யும் ஷெர்லாக் 3-ஐத் தன் மேக்கில் இலவசமாகப் போட்டுக் கொடுத்தது. 2015 நவம்பரில் இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும் எஃப்.லக்ஸ், ஆப் ஸ்டோருக்கு வெளியே ஐபோனுக்கு வந்தது. ஒப்பந்த மீறல் என்று எடுக்கச் சொன்னார்கள். 2016 ஜனவரியில் நைட் ஷிஃப்ட் என்ற பெயரில் அதே வசதி ஆப்பிளின் பீட்டாவில் எட்டிப் பார்த்தது. உங்கள் பட்டியலை அவர்கள் படிப்பதில்லை என்று யார் சொன்னது?

உருப்படியாக நிறைவேறிய ஆசை ஒன்றும் இல்லையா? உண்டு. கமிஷனைக் குறையுங்கள் என்று டெவலப்பர்கள் ஆண்டுக்கணக்கில் கெஞ்சினார்கள். 2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் ஆப்பிள் மீது வழக்குப் போட்டது. நவம்பரில் கருணை ஊற்றெடுத்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் ஈட்டுவோருக்கு 15 சதவீதம் என்றார்கள். 2021இல் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ், வெளியே பணம் கட்டும் வழியை ஆப்பில் காட்டுவதைத் தடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மேல்முறையீடெல்லாம் ஓய்ந்து 2024 ஜனவரியில் ஆப்பிள் கீழ்ப்படிந்த அழகைக் கேளுங்கள்: தாராளமாக வெளியே கட்டுங்கள், அதிலும் எங்களுக்கு 27 சதவீதம். கார்டு கட்டணத்தையும் சேர்த்தால் டெவலப்பருக்கு மிச்சம் நாமம். 2025 ஏப்ரலில் அதே நீதிபதி, இது வேண்டுமென்றே செய்த நீதிமன்ற அவமதிப்பு என்றும், ஆப்பிளின் நிதித் துறைத் துணைத் தலைவர் ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார் என்றும் எழுதினார். குற்ற வழக்குக்கு இடமுண்டா என்று பார்க்க அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பிவைத்தார். உத்தரவுக்குப் பணிந்துபோகலாம் என்று உள்ளுக்குள் ஆப்பிளின் மூத்த அதிகாரி ஃபில் ஷில்லர் சொல்லிப் பார்த்திருக்கிறார், அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் கேட்கவில்லை. சொந்த நிறுவனத்தின் மூத்தவருக்கே அந்தக் கதி என்றால், 99 டாலர் கட்டியவன் பட்டியல் எந்தக் குப்பைத் தொட்டியில் கிடக்குமோ!

கடைசியாக, ஆப்பிளின் குரல் உதவியாளர் சிரி. அம்மாவின் விமானம் எப்போது இறங்கும் என்று கேட்டால் மெயிலையெல்லாம் துழாவிச் சொல்லும் என்று 2024 ஜூனில் காட்டினார்கள். அதைச் சொல்லியே ஐபோன் 16-க்கு விளம்பரம் ஓட்டினார்கள். 2025 மார்ச்சில், தாமதமாகிறது, வரும் ஆண்டில் வரும் என்று சொல்லி விளம்பரத்தைச் சத்தமில்லாமல் தூக்கினார்கள்.

டெவலப்பர்களே, அடுத்த சந்தாவை இந்த வழியிலேயே கட்டுங்கள். 99 டாலர் உங்கள் கணக்கிலிருந்து புறப்பட்டுப் போவது போல அழகான ஒரு வீடியோ, பின்னணியில் பியானோ, அடியில் பொடி எழுத்தில் 'பணம் வரும் ஆண்டில் வந்து சேரும்'. வந்து சேரவில்லையே என்று அவர்கள் கேட்டால், ஃபீட்பேக் அசிஸ்டன்டில் ஒரு புகார் போடச் சொல்லுங்கள்.