மண்ணைக் கொட்டு, பணத்தைக் கட்டு

சென்னைப் புறநகரில் ஏரியை ஒட்டி அடுக்குமாடி எழுப்ப ஆசைப்படுகிறவர்கள் தயங்க வேண்டாம். விதிகள் நிறையவே இருக்கின்றன. 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம், 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். இவற்றில் முதல் இரண்டு இருந்தபோது 2015-இலும், மூன்றும் இருந்தபோது 2023-இலும் வேளச்சேரித் தெருக்களில் படகு விட்டார்கள்.

முதல் வேலை, நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று. தாழ்வான இடம், கட்டாதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பதற வேண்டியதில்லை. அதிகபட்ச வெள்ள மட்டம் இவ்வளவு, அதற்கு மேல் இத்தனை உயரத்துக்கு மனையை நிரப்பிக்கொள் என்ற நிபந்தனையோடு கையெழுத்து வாங்கலாம். லாரி லாரியாகச் செம்மண்ணும் இடிபாடும் வந்து இறங்கும். மனை எழும்பிவிடும். அதுவரை அங்கே நின்ற தண்ணீர்? பக்கத்துத் தெருவுக்குப் போகும். அந்தத் தெருக்காரர் கேட்டால், நீயும் கொட்டிக்கொள்ள வேண்டியதுதானே, யார் தடுத்தது?

அவர் எண்பதுகளில் வீடு கட்டியவர். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி, வாசற்படிகள் எப்போதோ பூமிக்குள் போய்விட்டன. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறார். மழைக்கு முன் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றுவார். கடைசியில், சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து வீட்டையே தூக்கும் ஆட்களைக் கூப்பிடுகிறார். சதுர அடிக்கு இவ்வளவு. சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை மகன் அனுப்பும் பணத்தில் தூக்க வேண்டியிருக்கிறது. தூக்கியதும் தண்ணீர் அதற்கடுத்த வீட்டைத் தேடிப் போகும். இதற்குத்தான் திட்டமிட்ட வளர்ச்சி என்று பெயர்.

சான்றே வாங்காமல் கட்டிவிட்டீர்களா? பாதகமில்லை. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குள் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். பணம் கட்டினால் விதிமீறல் வரன்முறையாகிவிடும். 1999 பிப்ரவரிக்குள் கட்டியதற்கு மட்டும்தான் என்றார்கள். பிறகு 2000 என்றார்கள். 2001 என்றார்கள். 2002 என்றார்கள். ஆடித் தள்ளுபடிகூட ஆவணியில் முடிந்துவிடும். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அசருவார்களா? 113-சி வந்தது, 2007 ஜூலை 1 வரை கட்டியவர்களுக்கும் கதவு திறந்தது. மற்றதிலெல்லாம் கட்டிப் புரளும் இரண்டு கழகங்களும் இந்த ஒன்றில் மட்டும் அண்ணன் தம்பி.

வழிகாட்டியதும் அரசுதான். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள். ஏரிக்குள் வீட்டுவசதி வாரியம் போட்ட மனைகள். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிக் குப்பைமேடு. 2022-இல் அங்கே 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததும் அறிக்கை விட்டுப் பெருமைப்பட்டார்கள். மீதியை விழுங்கியது யார் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை.

2015 வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கையே சொல்லிவிட்டது. 2018-இல் சட்டமன்றத்திலும் வைத்தார்கள். அந்த மனிதர் யார்? அதுதான் தெரியவில்லை. 2023 மிக்ஜாம் புயலில், வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரண்டு பேர் சிக்கிச் செத்தார்கள். உடல்களை வெளியே எடுக்கவே நாள்கணக்கானது.

கண்டிப்பே கிடையாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அடையாற்றங்கரையிலும் கூவத்தின் கரையிலும் தகரம் சாய்த்துக் குடியிருந்தவர்களிடம் போய்ப் பாருங்கள், எத்தனை கண்டிப்பு! அவர்களுக்கு 113-ஏ இல்லை, கால நீட்டிப்பு இல்லை, வரன்முறைக் கட்டணம் வாங்கக் கவுண்டரும் இல்லை. பொக்லைன்தான் வந்தது. படிக்கிற பிள்ளைகளைப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே மூட்டை முடிச்சோடு கிளப்பினார்கள். வெள்ளத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். காப்பாற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பு! மழை வந்தால் அங்கேயும் தரைத்தள வீட்டுக்காரர்கள் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும்.

அந்த எட்டு மாடிக் குடியிருப்புகளை அங்கே கட்டலாம் என்று யாரோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் பெயர், கையெழுத்திட்ட தேதி, அப்போது அவர் குடியிருந்த வீட்டின் தரைமட்டம், மூன்றையும் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். பதிலுக்கு முப்பது நாள் கெடு. ஐப்பசி மழை அதற்குள் வந்துவிடும்.