உரையாடல் பெட்டி: நன்னூல் வழிநின்று மலாக்கா நோக்கில் ஓர் ஆய்வு

கணினியில் வேலை நடுவே குறுக்கே வந்து நின்று, பதில் வாங்காமல் நகரவிடாத சதுரமே உரையாடல் பெட்டி. இதன் உறுப்புகளாவன: டிக் கட்டம், வேண்டியவற்றை எல்லாம் தொடலாம். வட்டப் பொத்தான், ஒன்றைத் தொட மற்றது அணையும். பழைய கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அமுக்க இன்னொன்று துள்ளி எழுந்ததன் வாரிசு. சாம்பல் நிறப் பொத்தான், அமுங்காது.

இனி விடை. பவணந்தி முனிவர் நன்னூலில் வினா ஆறு, விடை எட்டு என்று வகுத்தார். பெட்டியோ 'சரி', 'ரத்து' என நேர்விடை, மறைவிடை இரண்டையே ஏற்கிறது. சுட்டு விடைக்கு மௌஸ் உண்டு. மிச்சம் ஐந்தும் ஜாசின் தோட்டங்களில் செழித்திருந்தன. பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், தோட்டக் கிராணி "நாளைக்கு வேலைக்கு வருவியா?" என்று கேட்பார்.

"இடுப்பு பிடிச்சிருக்குங்க ஐயா" என்பது உற்றது உரைத்தல். "மழையில நனைஞ்சா காய்ச்சல் வருமுங்க", உறுவது கூறல். "கோயில் வேலைக்கு வர்றேங்க", இனமொழி. "தம்பிய அனுப்புங்க", ஏவல். "எப்ப ஐயா வராம இருந்தேன்?", வினா எதிர் வினாதல். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை, ஒருவரும் வரவுமில்லை. டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது 1896இல். விண்டோஸ் வந்தது 1985இல். 89 ஆண்டு மூத்த மண்ணில் மென்பொருளார் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

தலையாய சிக்கல் இது: "அச்சிடுவதை ரத்து செய்யவா?" கீழே 'சரி', 'ரத்து'. ரத்து என்றால் ரத்துக்கு ரத்து, அச்சு ஓடும் என்பர் ஜாசின் மரபினர் (செக்ரோல் எனும் தோட்ட வருகைப் பதிவேட்டின் ஓரக் குறிப்பு, பென்சில்). அன்று, ரத்து ரத்தே என்பர் ஆலோர் காஜா மரபினர் (மேற்படி குறிப்புக்கு மறுப்பு, சிவப்பு மை). இருவரையும் மறுக்கும் பேருரை, ஜாலான் பெண்டஹாரா சாப்பாட்டுக் கடையொன்றின் பில்லுக்குப் பின்புறம் எழுதப்பெற்று, மீன்குழம்பு பட்டு, நான்காம் வரி நீங்கலாக அழிந்துபட்டது. அவ்வரியும் 'மேலே கூறியபடி' என்றே உள்ளது. கடல்கொண்ட நூலிலிருந்து மேற்கோள் காட்டும் நம் அறிஞர்களுக்கு இந்தக் குழம்புக் கறையளவு ஆதாரமும் கிடைத்ததில்லை. முனைவர் பட்டம் மட்டும் கிடைத்திருக்கிறது.

எஸ்கேப் விசையை அமுக்கலாமே என்பீர். அது பொதுவாக 'ரத்து'ப் பொத்தானுக்குச் சமம். ஆகவே அச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அவசரமென்றால் பிரிண்டரின் சுவிட்சை அணையுங்கள்.