கணக்கப்பிள்ளை மாமாவுக்குக் கடற்கரைக் கணக்கு

ஸ்கார்பரோ, கனடா

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேரும் மாத்தளை வீதியில் வலம் வந்துகொண்டிருந்த அதே வாரத்தில், உங்கள் பேரன் வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்ட படத்திலே, நான் அரைக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் தரித்து, ஒரு தென்னை மரத்தடியில் இளநீரும் கையுமாகச் சயனித்திருந்த கோலத்தைக் கண்டு நீங்கள் அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. "தேருக்கு வரக் காசில்லை என்றவனுக்குத் தென்னை மரம் பார்க்கப் போகக் காசு எங்கிருந்து வந்தது? எல்லாம் அடக்கம் என்றால் என்னென்ன அடக்கம்?" என்ற வினாவில் கோபம் பாதி, தொழிற்புத்தி பாதி என்று எடுத்துக்கொண்டேன். ஆயுசில் பெரும்பகுதியைத் தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேட்டில் கழித்த ஒருவருக்கு வாய்மொழிச் சமாதானம் செல்லாது என்பதை, உங்கள் மருமகனாகவும் மகளைக் கட்டியவனாகவும் இரட்டிப்பாக அறிந்தவன் ஆகையால், எழுத்திலேயே கணக்கை ஒப்படைக்கிறேன். முழு நாளுக்கு முழுப்பேர் போடுவதும், அரை நாளுக்கு அரைப்பேர் போடுவதும் உங்கள் சித்தம்.

மார்கழி பிறந்து பங்குனி கழியும்வரை வாசற்படிப் பனியை வாரிக் கொட்டியே இடுப்பொடிந்து போகும் இந்தத் தேசத்து ஜனங்களுக்கு, வருஷத்தில் ஒரு வாரமாவது உஷ்ணப் பிரதேசத்துக் கடலோரம் கிடந்து எழும்புவது ஏறக்குறைய ஒரு நேர்த்திக்கடன் ஆகிவிட்டது. கியூபாவின் வரதேரோ, மெக்சிகோவின் கன்கூன், டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா என்ற பெயர்கள் இங்குள்ள தமிழ்க் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் தாராளமாக அடிபடுகின்றன. "நீங்கள் இன்னும் போகவில்லையா?" என்று கேட்பவர்கள் அதைக் கேட்கிற தொனியில், நமக்கு ஏதோ தோஷம் இருப்பதாகவே தோன்றும். விமானச் சீட்டு, அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடைவேளைக் கொறிப்பு, குடிக்கிறவர்களுக்கு வேண்டியமட்டும் குடி ஆகிய யாவும் ஒரே தொகையில் அடக்கம் என்பது இந்த ஏற்பாட்டின் மகிமை. 1950ஆம் ஆண்டிலே ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர், ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவின் அல்குதியாக் கடற்கரையில் கூடாரம் அடித்து ஆரம்பித்த கிளப் மெட் என்ற சங்கமே இதற்கு மூலபுருஷன் என்கிறார்கள். அந்தச் சங்கத்தார் பிற்காலத்தில், விருந்தாளி பணப்பையைத் தொடவே கூடாது என்று கருதி, பானத்துக்குக் காசுக்குப் பதிலாகக் கழுத்தில் கோத்த மணிகளைக் கழற்றிக் கொடுக்கச் செய்தார்களாம். காசை மறந்தவன் மணியை எண்ணுவானா? தந்திரசாலிகள்.

இனி நாங்கள் புன்டா கானா போய்வந்த கணக்கு. விளம்பரத்தில் கண்டது ஆளுக்கு 1600 கனேடிய டாலர். அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால்தான். தனியாள் போனால் தண்டம் கட்டவேண்டும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தள்ளுபடி போக, நால்வருக்கும் 6000 டாலருக்குள் காரியம் ஆகும் என்று உங்கள் மகள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் இட்டாள். பள்ளி விடுமுறையான மார்ச் மாதத்தில் விலை தலைக்கேறுகிறது என்பதும், புரட்டாசி, ஐப்பசியில் போனால் வெகு மலிவு என்பதும், அந்த மலிவு சூறாவளிக் காலத்தின் மலிவு என்பதும் பின்னர் தெரிந்த விஷயங்கள். அப்புறம் நால்வரும் விமானத்தில் அருகருகே உட்காருவதற்கு ஒரு கட்டணம், பெட்டிக்கு ஒரு கட்டணம், விமான நிலையத்தில் கார் ஒரு வாரம் சும்மா நிற்பதற்கு ஒரு கட்டணம் என்று அடிக்கோட்டுக்குக் கீழே வரிகள் முளைத்தன. இன்ஷூரன்ஸ் தனி. ஒன்ராறியோ அரசாங்கத்தின் வைத்தியக் காப்பு, நாட்டுக்கு வெளியே நாம் ஆஸ்பத்திரியில் விழுந்தால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டாலர் தரும். அங்குள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அது எந்த மூலைக்கு? ஆகவே வேறு காப்பு வாங்கப் போனால், என் சீனி வருத்தத்துக்கு மாத்திரையின் அளவு சமீபத்தில் கூடியதா குறைந்ததா என்று, சம்பந்தம் பேச வந்தவர்கள் ஜாதகம் கேட்பதைவிடத் துருவிக் கேட்டார்கள்.

டிப்ஸ் என்று இங்குள்ளவர்கள் சொல்கிற, நாம் சந்தோஷம் என்று சொல்லிக் கையில் வைக்கிற காசும் அடக்கத்தில் இல்லை. அறை துப்புரவாக்குகிற பெண், பெட்டி தூக்குகிற பையன், இளநீர் வெட்டுகிறவர் யாவருக்கும் ஒவ்வொரு டாலராவது கொடுப்பது மரியாதை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கனடாவில் ஒரு டாலர் என்பது 1987 முதல் நாணயம். அந்நிய நாணயத்தை அங்கே எந்த வங்கியும் மாற்றித் தராது ஆகையால், நாம் பெருமிதத்தோடு கொடுக்கிற நாணயம் வாங்கியவருக்குப் பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கத்தான் உதவும். அமெரிக்க ஒரு டாலர் நோட்டுகளாகக் கட்டுக் கட்டாக இங்கிருந்தே மாற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கட்டு என் காற்சட்டைப் பையில் புடைத்திருந்தபோது, ஒரு பெரிய கங்காணியின் தோரணை என் நடையில் வந்துவிட்டதாக உங்கள் மகள் சொன்னாள்.

மாமா, இவை எல்லாவற்றையும் விட என்னை ஆட்டி வைத்தது ஒரு துவாய். போய் இறங்கியதும் ஆளுக்கொரு கைப்பட்டியை மணிக்கட்டில் பூட்டி, கூடவே ஆளுக்கொரு துவாய் அட்டையும் தந்தார்கள். கடற்கரையிலே ஒரு குடிசை. அங்கே அட்டையைக் கொடுத்தால் நீலத் துவாய் தருவார்கள். துவாயைக் கொடுத்தால் அட்டை திரும்பும். புறப்படும் நாளில் அட்டையோ துவாயோ காட்டாதவர் 25 அமெரிக்க டாலர் கட்டவேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 7500 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் போட்டார்களே, தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளம், அந்தக் கணக்கில் ஒரு துவாய்க்கு ஐந்தரைப் பேர்! இந்தக் கணக்கை உங்கள் மகள் அந்த நிமிஷத்திலேயே மனசுக்குள் போட்டுவிட்டாள் என்பதை அவள் முகமே காட்டியது. அட்டைகள் நாலும் கடவுச்சீட்டுகளோடு சேர்ந்து அறையின் இரும்புப் பெட்டிக்குள் போயின. துவாய் வாங்கினால்தானே தொலையும்? அத்தை போன வருஷம் கொடுத்தனுப்பிய இரண்டு சாரங்களில் நால்வரும் துடைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் உங்கள் பேரன் மானம் போகிறது என்று கிளர்ச்சி செய்ததன் பேரில் ஒரே ஒரு அட்டை வெளியே வந்தது.

அப்போதுதான் அடுத்த சட்டம் தெரிந்தது. நிழலுள்ள சாய்நாற்காலிகளை, விடியற்காலையிலேயே வந்து துவாயை விரித்துப் பிடித்து வைத்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் மறுபடி போய் நித்திரை கொள்கிறார்கள். இராக்காலப் பண்டகசாலை வேலையில் பழகிய எனக்கு விடியற்காலை ஒரு பொருட்டா? நாலரை மணிக்கே போய் முதல் வரிசையில் நம் நீலத் துவாயை விரித்தேன். ஆளில்லாத துவாயைக் காவலாளி குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு அகற்றிவிடுவான் என்று பலகையில் ஸ்பானிஷ் மொழியில் எழுதியிருந்தது சூரியன் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்று பகல் முழுவதும் நான் கடலில் இறங்கவில்லை. துவாயின் மேல் நான், துவாய்க்குக் கீழ் நாற்காலி, எதிரே உலகத்திலேயே அழகான சமுத்திரங்களுள் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு முறை வைத்துப் போனோம். குடிசை ஆறு மணிக்குச் சாத்தப்படும் என்பதால் ஐந்தரைக்கே துவாயை ஒப்படைத்து அட்டையைக் கைப்பற்றி, இரும்புப் பெட்டியில் வைத்து, எண்ணிப் பார்த்த பிறகே எங்கள் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீங்கள் பார்த்த படம் அந்தக் காவல் நேரத்தில் எடுத்தது. அது சயனம் அல்ல, உத்தியோகம்.

ஒரு நாள் உள்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று ஆளுக்கு 85 அமெரிக்க டாலர் வாங்கிக்கொண்டு ஒரு திறந்த லொறியில் ஏற்றினார்கள். ஹிகுவே என்ற பட்டணத்தில், 1971இல் திறக்கப்பட்ட அல்தாகிராசியா மாதாவின் பெரிய தேவாலயத்தைத் தாண்டும்போது, நம் அம்மனை நினைத்து அங்கேயே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். அதற்கப்பால் ஒரு தோட்டம். வழிகாட்டி ஒரு காயை மரத்தில் அடித்துப் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைச் சதையோடு விதையை எடுத்துச் சப்பிப் பார்க்கச் சொல்லி, "இது என்னவென்று யாருக்காவது தெரியுமா?" என்று மர்மமாகக் கேட்டான். கொக்கோ, மாமா! உங்கள் வீட்டுப் பின்வளவில் அணில் தின்று போட்டுக் கிடக்குமே, அதே கொக்கோ. பிறகு கோப்பி, பிறகு வனிலா, பிறகு மரப்பட்டையும் வேரும் ரம்மும் தேனும் ஊறிய மமஹுவானா என்ற சர்வரோக நிவாரணி. கடைசியில், வேறு வழியே இல்லாதபடி, ஒரு கடை. அலுவிகாரைப் பக்கத்து வாசனைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலில் மயிர் நீக்கும் களிம்பைத் தடவி, தலையைப் பிடித்துவிட்டு, மெல்லக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போவதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்த்துச் சிரித்த பரம்பரையில் வந்த நான், அந்தக் கடையில் வரிசையில் நின்றேன். அங்கிருந்த கறுவாவை மூக்கில் வைத்ததுமே தெரிந்தது: தடித்த முரட்டுப் பட்டை. நம்முடையது கடதாசி மெல்லிசில் சுருளுக்குள் சுருளாக இருக்கும் என்று வழிகாட்டிக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவன் "சிலோன்?" என்று கேட்டுக் கைகுலுக்கினான். அந்தப் பயணம் முழுவதிலும் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் முரட்டுப் பட்டையிலும் ஒரு கட்டு வாங்கிவிட்டேன். 12 டாலர், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் கரும்புக் காடு. நடுவே ஒரே நீளத்தில், ஒரே கூரையில், அறை அறையாக ஒரு கட்டடம். வாசலில் கொடி கட்டித் துணி காய்ந்தது. வழிகாட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லவும் வேண்டுமா? தோட்டத்து லயம். அங்கே அதற்குப் பதேய் என்று பெயர். கரும்பு வெட்டப் பக்கத்து ஹெயிட்டியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜனங்களின் குடியிருப்பு. அந்த ஜனங்களின் சந்ததியில் அநேகருக்கு, பிறந்த மண்ணிலேயே, 1929 வரை பின்னோக்கிப் போய்ப் பிரஜாவுரிமை இல்லை என்று 2013இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. 1948இல் நம் பிரஜாவுரிமையைப் பறித்த காரியத்தை அந்நாட்டார் 65 வருஷம் பொறுத்துச் செய்திருக்கிறார்கள். மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரர்களான நமக்கு, 2003இல் பிரஜாவுரிமைச் சட்டம் வரும்வரை எத்தனை கடதாசி, எத்தனை அரசாங்கக் கச்சேரி என்று நீங்கள் சொல்வீர்களே, அது நினைவுக்கு வந்தது. லொறியில் மற்றவர்கள் பாட்டுப் பாடினார்கள். என் பையிலிருந்த டாலர் கட்டை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆக மொத்தம், எல்லாம் அடக்கம் என்ற ஒரு வாரம் 8000 டாலருக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கொழும்புக்கு நால்வருக்கும் விமானச் சீட்டு மட்டுமே ஏறத்தாழ இதே தொகை. அங்கே கால் வைத்ததும் கட்டுநாயக்காவிலிருந்து வான். வீட்டுக்கு வீடு சாமான். கோவிலில் உபயம், அதிலும் கனடாக்காரன் உபயம் என்றால் தர்மகர்த்தாக்கள் ஒரு படி மேலேதான் எதிர்பார்ப்பார்கள். இரண்டு கல்யாணமும் ஒரு பூப்புனித நீராட்டும் நாம் வருகிற நாளைப் பார்த்தே வைக்கப்படும். நம் மாவட்டத்துச் சீகிரியாவில் நான் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசி உள்ளூர்க்காரனாக நுழைந்துவிடுவேன். உங்கள் பேரப்பிள்ளைகள் வாயைத் திறந்தால் வெளிநாட்டுக்காரருக்கு உரிய டாலர் கட்டணம். கூரை ஒழுகுகிறது என்று ஒருவர், ஓட்டோவுக்கு முற்பணம் என்று இன்னொருவர். யாரிடம் இல்லை என்பேன்? புன்டா கானாவில் என்னை யாருக்கும் தெரியாது, ஆகையால் செலவுக்கு ஒரு கூரை உண்டு. மாத்தளையில் என்னை எல்லாருக்கும் தெரியும். கடனட்டை தாங்கக்கூடிய பிரயாணத்துக்கு முதலில் போனோம், அவ்வளவுதான்.

ஆயினும் உங்கள் மகள் புது வருஷத்திலிருந்து ஒரு தனிக் கணக்கு திறந்து மாதாமாதம் போட்டு வருகிறாள். அடுத்த மாசி மகத்துக்கு வடம் பிடிக்க நால்வரும் வருவதாக ஏற்பாடு. எங்கள் சீட்டுக்கு ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டிதான் விடுவார்கள். ஆகையால் அத்தையிடம் சொல்லி, யார் யாருக்கு என்னென்ன என்ற ஜாபிதாவை ஐப்பசிக்குள் எழுதி அனுப்பச் செய்யுங்கள். அதற்கு முன் நீங்கள் ஒரு தரம் பார்த்து, செக்ரோலில் வெட்டுவதுபோல் தயவு தாட்சணியம் இல்லாமல் பாதிப் பேரை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்