அமிகோஸ் பெருமானுக்கு ஒரு வாழ்த்து

ஸ்பானிய மொழியின் ஆண்பால் பன்மையே, உன் வீரத்தைப் பாடாமல் இருக்க முடியவில்லை.

தோழன் அமிகோ, தோழி அமிகா, தோழிகள் பலர் அமிகாஸ். இதுவரை பாடம் எளிது. ஒன்பது தோழிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். தங்களைச் சொல்லும்போது 'நொசோத்ராஸ்' என்கிறார்கள். பெண்கள் மட்டுமே சேர்ந்த 'நாங்கள்' அது. ஒருத்தியின் தம்பி வருகிறான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான். இன்னும் வாயைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் அத்தனை பேரும் 'நொசோத்ரோஸ்' ஆகிவிட்டார்கள், அமிகாஸ் அமிகோஸ் ஆகிவிட்டது. ஒன்பது பேர் தொண்ணூறு பேரானாலும் இதே கணக்குதான். சேனை வேண்டாம், வாள் வேண்டாம். ஒரு 'ஓ' போதும் உனக்கு! எங்கள் 'அவர்கள்' இத்தனை காலம் பலர்பாலில் இருந்தும் இப்படி ஒரு வெற்றியைக் கண்டதில்லை.

உன் ஈகை அதைவிடப் பெரிது. நட்பு என்ற சொல்லைப் பெண்பாலுக்கே விட்டுக்கொடுத்தாய்: லா அமிஸ்தாத். உண்மை லா வெர்தாத், விடுதலை லா லிபெர்தாத், அவையும் பெண்பாலே. பண்பெல்லாம் அவளுக்கு, ஆள்கூட்டம் உனக்கு. என்ன நேர்மையான பாகப்பிரிவினை!

1713-ல் பிறந்து மாட்ரிடிலிருந்து உன்னைக் காத்துவரும் அரச ஸ்பானிய அகாதெமியும் வாழ்க. ஆண்பால் பன்மையில் பெண்ணும் அடக்கம், யாரும் விடுபடுவதில்லை என்பது அதன் தீர்ப்பு. எவ்வளவு விரிந்த மனம்! அப்படியென்றால் 'அகாதேமிகோஸ்', அதாவது அகாதெமி உறுப்பினர்கள், என்ற சொல்லிலும் பெண் அடக்கம்தானே? நாவலாசிரியை எமிலியா பார்தோ பசான் அந்தச் சொல்லை நம்பித்தான் கதவைத் தட்டினார், கடைசிவரை திறக்கவில்லை. மரியா மொலினேர் வீட்டு மேசையில் ஏறக்குறையத் தனியாளாக உழைத்து, 1966-லும் 1967-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக ஓர் அகராதியைத் தந்தார். 1972-ல் அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது இருக்கை ஓர் ஆணுக்குப் போயிற்று.

கவிஞர் கார்மென் கோந்தே முதல் பெண்ணாக அங்கே இருக்கையில் அமர்ந்தது 1979-ல். எல்லோரும் அடக்கம் என்ற உன் பன்மைக்குள் ஒரு பெண் வந்து உட்கார 266 ஆண்டுகள் ஆயின. மொலினேர் 1981-ல் இறந்தார், இருக்கை இல்லாமலே.